பச்சையைப் புரட்டிய நான்கு நாட்கள்

ஐம்பத்தொரு வயதில், நான்கு நாட்கள் தொடர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு செங்கல் சுவரை உள்ளும் வெளியுமாகப் புரட்டிக்கொண்டிருந்தவன் நான். சுவர் கணினிக்குள் இருந்தது, ஆகவே யார் தலையிலும் விழவில்லை. சொல்லக் கூச்சமாக இருப்பது சுவரைப் பற்றியதல்ல. அந்த நான்கு நாளும் ஒரு இளம்பெண் செய்த தவறை நான் பெருந்தன்மையோடு மூடி மறைத்துக்கொண்டிருப்பதாக நம்பினேன். தவறு முழுக்க என்னுடையது. காலையில் வில்லியனூர் சாலையில் வண்டி ஓட்டி வரும்போது, பெருந்தன்மை உள்ளவர்கள் உட்காருவதுபோலக் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன் என்று நினைவு.

எங்கள் ஆபீஸ் மூலக்குளத்தில், பி.வி.சி. பைப் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தயாரிக்கும் வீடியோ கேம்களுக்குச் சுவர், தரை, கதவு, சாக்கடை மூடி போன்றவற்றைச் செய்து கொடுப்போம். கதாநாயகனையும் ராட்சதனையும் வேறு யாரோ செய்வார்கள். அவர்கள் நின்று சண்டை போட இடம் வேண்டுமே, அது எங்கள் பொறுப்பு. மாடியில் மொத்தம் மூன்று பேர். முதலாளிக்குச் சென்னையில் பெரிய ஆபீஸ் ஒன்று உண்டு. இங்கே வாரம் ஒருமுறை வந்து, ஏசியை யார் பதினெட்டில் வைத்தது என்று கேட்டுவிட்டுப் போவார்.

இதற்கு முன்னால் நான் இருபது வருடம் பேனர் டிசைன் செய்தவன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வார்டு செயலாளருக்குப் பிறந்தநாள். எந்தப் பெயராக இருந்தாலும் அதை உப்பலாக்கிக் காட்ட வேண்டும். எழுத்தின் இடது மேல் ஓரத்தில் வெள்ளை, வலது கீழ் ஓரத்தில் கறுப்பு வைத்தால் பெயர் பேனரிலிருந்து எழுந்து நிற்கும். மாற்றி வைத்தால் பள்ளத்தில் விழும். ஒருமுறை அவசரத்தில் மாற்றி வைத்து, ஒரு வார்டு செயலாளரைப் பள்ளத்தில் தள்ளினேன். அவர் அந்தத் தேர்தலில் தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைய வேலையில் வரும் நார்மல் மேப் என்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான், கொஞ்சம் படித்த வித்தை. விளையாட்டில் வரும் செங்கல் சுவர் உண்மையில் பலகைபோலத் தட்டையானது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் செதுக்கினால் கணினி மூச்சுத்திணறிப் போகும். அதனால் தட்டைச் சுவரின் மேல் ஊதா நிறத்தில் ஒரு படத்தைப் போர்த்துகிறோம். ஆடுபவர்களின் கண்ணுக்கு அந்தப் படம் தெரியாது. அதைப் படிப்பது வெளிச்சம் மட்டும். இந்த இடம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இந்த இடம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று படம் சொல்ல, வெளிச்சம் அதை நம்பி அங்கங்கே நிழல் போடும். இடம் வலம் பற்றிய செய்தி அந்த ஊதாவில் கலந்திருக்கும் சிவப்பில் இருக்கிறது, மேல் கீழ் பற்றிய செய்தி பச்சையில்.

சிக்கல் இந்தப் பச்சையில்தான். விளையாட்டை ஓட்டும் மென்பொருளுக்கு இன்ஜின் என்று பெயர். ஒரு இன்ஜினில் பச்சை அதிகமானால் மேல்நோக்கிச் சாய்வு, இன்னொன்றில் அதே பச்சைக்குக் கீழ்நோக்கிச் சாய்வு என்று அர்த்தம். ஏன் இப்படி என்று கேட்டுப் பயனில்லை. எங்கள் ஊரில் ஒரு தெருவில் வீட்டு எண் கிழக்கிலிருந்து தொடங்கும், அடுத்த தெருவில் மேற்கிலிருந்து. அந்தந்தத் தெருக்காரர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை, அவதி தபால்காரருக்கு மட்டும். ஒரு இன்ஜினுக்காகச் செய்த படத்தை இன்னொன்றில் போட வேண்டுமானால் பச்சையை மட்டும் தலைகீழாக்க வேண்டும். ஆக்காவிட்டால் செங்கல் உள்ளே போய்விடும், கற்களுக்கு நடுவிலுள்ள பூச்சு வெளியே வரும்.

அந்த வாரம் வந்த வேலை இதுதான். ஏதோ ஒரு குளிர் நாட்டு நகரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு சந்து. அதைப் பழைய இன்ஜினுக்காக ஏற்கெனவே செய்து முடித்திருந்தோம். அந்தக் குளிர் நாட்டின் செங்கற்கள் எங்கள் ஊருக்கு மேற்கே இடிந்து நிற்கும் ஒரு பம்புசெட் கொட்டகையிலிருந்து நான் போட்டோ எடுத்து வந்தவை, அது வாடிக்கையாளருக்குத் தெரியாது. பாதி வழியில் அவர்கள் இன்ஜினை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சந்தின் படங்களைப் புது இன்ஜினுக்கு மாற்றி வெள்ளிக்கிழமை காலை வீடியோ காலில் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் நகரத்தின் மீதித் தெருக்களும் எங்களுக்கு வரும். பிடிக்காவிட்டால் வேலை சென்னை ஆபீசுக்குப் போகும், மூலக்குளம் மாடியைக் காலி செய்துவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இதை முன்நின்று நடத்தும் லீடாக அவர் போட்டது எங்களில் ஒருத்தியை. இருபத்தொன்பது வயது, சோரியாங்குப்பம். மகளைப் பாகூரில் ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு பத்து மணிக்கு வந்து சேருவாள். லீடு என்பது அவளுக்கு முதல்முறை. வேலை சென்னைக்குப் போனால் அவளால் கூடவே போக முடியாது. கணவனுக்கு வேலை பாகூர் பக்கம், மகளுக்குப் பள்ளி அங்கே. மறுபடி பழைய வேலைக்குத்தான் திரும்ப வேண்டும். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ அது.

"மாப்ள பொண்ணு பின்னாடி பனிமலை ஒட்டினே நாலு வருசம் போச்சுண்ணா," என்று ஒருமுறை சொன்னாள். "பாகூர் ஏரிக்கரையில நிப்பாங்க, பட்டுப்பொடவைல வேர்த்துக்கினு. பின்னாடி பனி பெய்யும். திரும்ப அங்க போவ முடியாதுண்ணா என்னால."

மூன்றாவது ஆள் அனிமேட்டர். நாற்பதை நெருங்கியவர், கரியமாணிக்கத்துக்காரர். கதவு திறப்பது, விளக்கு ஆடுவது, எலி ஓடுவது எல்லாம் அவர் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். காதில் பெரிய ஹெட்போன். அதைக் கழற்றுவது டீ வந்தால் மட்டும்.

நான் காலை எட்டுக்கு வந்து நாலரைக்குக் கிளம்புகிறவன். கீழே பைப் கடை திறந்து, லாரியில் பைப்பை எறியத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேர அமைதி எனக்குப் பிடிக்கும். அவள் பத்து மணியிலிருந்து ஆறரை வரை. அனிமேட்டர் எனக்கு முன்பே வந்து, அவளுக்குப் பிறகே போவார். இந்த நேரக் கணக்கு இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது நடந்திருக்காது.

திங்கட்கிழமை அவள் என் நாற்காலிக்கு வந்தாள்.

"அண்ணா, அந்தச் சந்து ஃபோல்டர்ல இருக்கற நார்மல் மேப்பு எல்லாத்துக்கும் பச்சைய மாத்தணும். நீங்க பாத்துக்கிறீங்களா?"

"பாத்துக்கறம்மா. அரை நாள் வேலை."

"அரை நாளா? ஸ்கிரிப்டு போட்டா அஞ்சு நிமிசம்ணா."

"அஞ்சு நிமிசத்துல பண்ணிட்டு அரை நாள் சரி பாக்கணும்ல."

அனுபவசாலியின் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் கெடுத்தது அந்தச் சரிபார்ப்புதான்.

ஸ்கிரிப்டை, அதாவது எல்லாப் படத்தையும் ஒரே தட்டில் மாற்றும் குட்டி நிரலை, ஓட்டினேன். இருநூற்றுச் சொச்சம் படங்களின் பச்சையும் தலைகீழாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதற்கென்று என்னிடம் ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதில்தான் பார்த்துப் பழக்கம். படத்தைப் போட்டால் ஒரு உருண்டையின் மேல் சுற்றி, மேலே ஒரு விளக்கை வைத்துக் காட்டும். மூக்குக்கண்ணாடிபோல அது என் முகத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதில் பார்த்தால் செங்கற்கள் எல்லாம் குழியாக இருந்தன.

இருபது வருடம் பெயர்களை உப்ப வைத்தவனுக்கு மேடு எது, குழி எது என்று தெரியாதா? யோசித்தேன். இரண்டே நிமிடத்தில் விளக்கம் கிடைத்தது. இந்தப் பெண் ஏற்கெனவே மாற்றி வைத்துவிட்டு, மறந்துபோய் என்னையும் மாற்றச் சொல்லியிருக்கிறாள். முதல்முறை லீடு, பதற்றம் இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் பழையபடி புரட்டினேன். என் கண்ணாடியில் செங்கல் மேடானது. நாலரைக்கு நிம்மதியாகக் கிளம்பினேன்.

அன்று மாலை அவள் அதே படங்களைப் புது இன்ஜினில் போட்டிருக்கிறாள். செங்கற்கள் உள்ளே, பூச்சு வெளியே. அவள் என்ன நினைத்தாள் என்பதைப் பிற்பாடு அவளே சொன்னாள்: அண்ணன் மறந்துவிட்டார், வயதாகிறது, பாவம். அவளே புரட்டிவிட்டு அதே ஃபோல்டரில் சேமித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, சும்மா ஒருமுறை பார்ப்போமே என்று திறந்தேன். மறுபடி குழி.

இப்போது எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியது. அவளுக்கு எந்த இன்ஜினில் பச்சை எந்தப் பக்கம் என்று குழப்பம். நான் சரியாக வைத்ததைத் திருத்துவதாக நினைத்துக் கெடுத்திருக்கிறாள். அனிமேட்டர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொன்னால் லீடின் மரியாதை என்ன ஆகும்? சத்தமில்லாமல் புரட்டி வைத்தேன். அப்போது நெஞ்சில் ஒரு இதம் பரவியது. நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் அவர் தவறை நேராகச் சொல்ல மாட்டோம். வேறு யாரோ, வேறு எங்கோ செய்ததாகப் பொதுவில் பேசுவோம். உரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளாவிட்டால் அது அவர் பாடு. அன்று மதியம் டீ வந்தபோது நான் நிலாவைப் பற்றிப் பேசினேன். நிலாவின் பள்ளங்களைப் படம் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் எல்லாம் குன்றுகளாகத் தெரியும், வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை பிடிவாதமாக நம்புவதால் வரும் வினை அது, பெரிய பெரிய ஆட்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்ததை விரிவாகச் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு தன் பழைய ஸ்டுடியோவில் இருந்த ஒரு வயதான போட்டோகிராபரைப் பற்றிச் சொன்னாள்.

"ரொம்பத் தெறமைசாலிண்ணா. அவர் மாதிரி ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. ஆனா செல சமயம் மறந்துடுவாரு. ஒரு கல்யாணத்துல லென்சு மூடியக் கயட்டாமயே தாலி கட்றத எடுத்தாரு."

"ஐயோ பாவம்."

"நாங்க ஒண்ணும் சொல்லல. பெரியவரு இல்ல?"

"அதுதான் மரியாதை," என்றேன் நான். இந்தப் பெண்ணுக்கு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அண்ணன் புரிந்துகொண்டார் என்று நினைத்தாளாம்.

அனிமேட்டர் டீயைக் குடித்து முடித்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலையும் குழி. புரட்டினேன். இந்த முறை எரிச்சல் வரவில்லை. தினமும் செய்ய வேண்டிய வேலை என்று ஆகிவிட்டதால் அதற்கென்று கீபோர்டில் ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொண்டேன். இரண்டு விரல், ஒரு தட்டு, இருநூற்றுச் சொச்சம் படம் திரும்பிப் படுக்கும். எந்தத் தவறையும் முதல் நாள் கையால் செய்கிறோம், மூன்றாம் நாள் அதற்கு வசதி செய்துகொள்கிறோம். அண்ணன் பகலில் மறதியாகப் பழைய படங்களையே மேலே போட்டுவிடுகிறார் என்று நினைத்து, அவளும் புதன்கிழமை மாலை ஒரு ஷார்ட்கட் வைத்தாள் என்பது பிறகு தெரிந்தது. என்னுடையதைவிட அது வேகமானது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் சந்தேகம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஊருக்குள் திரும்பும் மண் பாதையில் டிராக்டர் சக்கரம் பதிந்த தடம் காய்ந்து கிடந்தது. வெயில் சாய்ந்திருந்ததால் ஒவ்வொரு பட்டையிலும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நின்றால் பள்ளமாகத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு கணம் மேடாகத் தெரிந்து, பிறகு மனம் அதைத் திருத்திப் பள்ளமாக்கியது. நாளை அவளுக்கு நிலாவுக்குப் பதிலாக இதை உதாரணமாகச் சொல்லலாம், நம்மூர் உதாரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பதினைந்து நிமிடம் ஒரு உண்மையைச் சுற்றி நடந்துவிட்டு, அதை அடுத்தவருக்குக் கொடுக்கும் பாடமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

வியாழக்கிழமை காலையும் அவள் வருவதற்குள் தட்டிவிட்டேன்.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். வாரம் ஒருமுறை வருகிறவர், அடுத்த நாள் வீடியோ கால் இருப்பதால் அன்று வந்துவிட்டார். ஏசியைப் பற்றிக் கேட்டார். பிறகு, "சந்தக் காமிங்க," என்றார்.

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் அவள் புது இன்ஜினைத் திறந்தாள். முந்தைய நாள் மாலை தானே சரிசெய்துவிட்டுப் போனதால் அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. மழை பெய்தது. விளக்கு ஆடியது. அனிமேட்டரின் எலி ஓடியது. கேமரா சந்துக்குள் திரும்பியது.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

அவள் கேமராவைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"செங்கல்லு செவுரு கேட்டா இட்லித்தட்டு குடுத்திருக்கீங்க. கல்லெல்லாம் உள்ள போயி குழி குழியா நிக்குது."

நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். இடிந்த கொட்டகையில் என் கையால் தூசி தட்டிப் போட்டோ எடுத்த சுவர். மூன்று மணி நேரத்துக்கு முன் என் கண்ணாடியில் ஒவ்வொரு கல்லும் மேடாக இருந்தது. அதே ஃபோல்டர், அதே படம். இடையில் யாரும் தொடவில்லை, அவள் வந்ததிலிருந்து என் கண்ணெதிரே கதவு வேலையில்தான் இருந்தாள். அப்படியானால் மாறியிருப்பது படமல்ல, பார்க்கும் இடம். என் சின்ன மென்பொருள் பழைய இன்ஜினின் வழக்கப்படி பார்க்கிறது, நான் அதன் வழியாகப் புது இன்ஜினைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கோடைக்காலத்தில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவதுபோல நான்கு நாட்களின் எல்லாச் சமாச்சாரமும் ஒன்றாக ஓடி வந்து முன்னால் நின்றது.

அவளுக்கும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் சரியா பாக்கல சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"நாளைக்குக் கால்ல இப்பிடிக் காமிச்சா அவங்க வேற எடம் பாத்துக்குவாங்க. நானும் மிச்சத்த சென்னையிலயே பண்ணிக்கிறேன். ஒரு பச்சையப் பாக்கத் தெரியலன்னா லீடுன்னு பேரு எதுக்கும்மா?"

"சரி சார்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பினால் பேனர் போட்டுப் பிழைத்துக்கொள்வேன். இழக்க வேண்டியது அவளுக்குத்தான் இருந்தது, எனக்கில்லை. நான் பேசாமல் நின்றதற்குக் காரணம் அதைவிடச் சின்னது. நான்கு நாட்களாக நான் அவளுக்கு உதவி செய்கிறவன் என்று ஒரு படம் மனதில் இருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைக்க இரண்டு மூன்று நிமிடம் தேவைப்பட்டது. அந்த இரண்டு மூன்று நிமிடத்தையும் திட்டு வாங்கியபடி அவள்தான் தாங்கினாள். முதலாளி ஒரு போன் வந்து கீழே பைப் கடைக்கு இறங்கிப் போனார்.

அவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"காலையில வந்து அந்த ஃபோல்டர்ல எதுனா பண்றீங்களா?"

"எதுனான்னா?"

"அண்ணா."

"புரட்டறேன்," என்றேன்.

"எத்தினி வாட்டி?"

"தெனம்."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் தெனம் சாயங்காலம் புரட்டறேன்," என்றாள்.

இருவரும் என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தோம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?"

"எப்பிடிண்ணா சொல்றது? நீங்க பெரியவரு. அதான் அந்த போட்டோகிராபர் கதையெல்லாம் சொன்னேன்."

"அது எனக்கா?"

"பின்ன? நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ லீடு. மொத தடவ. அதான் நிலாவப் பத்திச் சொன்னேன்."

"அது எனக்கா?" என்றாள் அவள்.

என் மென்பொருளைத் திறந்து காட்டினேன். மேடாக நின்ற செங்கற்களை அவள் பார்த்தாள். "இது பழைய இன்ஜின் கண்ணால பாக்குதுண்ணா. இதுல நல்லா தெரிஞ்சா அதுல கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தோம். திங்கட்கிழமை நான் இரண்டு, அவள் ஒன்று. செவ்வாயும் புதனும் ஆளுக்கு ஒன்று. வியாழன் காலை நான் ஒன்று. மொத்தம் எட்டு முறை புரட்டியிருக்கிறோம், அதாவது ஒன்றுமே செய்யவில்லை. ஒன்பதாவது முறை அவள் தட்டினாள். ஒற்றைப்படையில் நின்றது. டிவியில் சுவர் வெளியே வந்தது.

நான் கீழே இறங்கினேன். முதலாளி பைப் அடுக்குகளுக்கு நடுவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தேன். முழங்கை வளைவுகள் ஒரு தொட்டி நிறைய இருந்தன, அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சார், அந்தச் செவுரு என் வேலை. நான்தான் தப்பாப் பாத்துட்டு தெனமும் கெடுத்தேன். அவங்க தெனமும் சரி பண்ணியிருக்காங்க."

அவளை அவங்க என்று நான் சொன்னது அதுவே முதல்முறை. சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"அப்ப ஏன் அந்தப் பொண்ணு தம்மேல போட்டுக்கிச்சு?"

"லீடு சார் அவங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க, நான் கத்தும்போது?"

"நின்னுக்கினு இருந்தேன் சார்."

"சரி. நாளைக்கு ஒழுங்கா காமிங்க," என்றார். கடைக்காரர் அந்த வளைவை வாங்குகிறேனா இல்லையா என்று கேட்டார்.

மேலே வந்து அவளிடம் சொன்னேன், முதலாளியிடம் பேசிவிட்டேன் என்று. அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். நன்றி சொல்வாளோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான்கு நாள் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

வெள்ளிக்கிழமை காலை அவள் பத்துக்குப் பதிலாக எட்டரைக்கே வந்துவிட்டாள். மகளை அன்று கணவன் பள்ளியில் விடுகிறான் என்றாள். நான் அதற்கு முன்பே வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீபோர்டை அனிமேட்டர் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

வாடிக்கையாளர் பக்கம் ஒரு பெண்மணி. காலை ஏழு மணி முகம், கையில் பெரிய கப். முதலாளி சென்னையிலிருந்து தன் சின்னச் சதுரத்தில் இருந்தார். எங்கள் லீடு சந்துக் காட்சியைத் திறந்தாள். அந்த அம்மாள் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு, சுவருக்குப் பக்கத்தில் போகச் சொன்னார். போனாள். விளக்கை இறக்கச் சொன்னார். இறக்கினாள். ஏற்றச் சொன்னார். அவள் மௌசிலிருந்து கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். விளக்கு மேலே ஏற ஏற ஒவ்வொரு கல்லின் நிழலும் அதனதன் கீழே இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. எந்தப் பேனரிலும் நான் அத்தனை அழகான நிழலைப் போட்டதில்லை, போட்டது நானும் இல்லை.

"நன்றாக இருக்கிறது," என்றார் அந்த அம்மாள் ஆங்கிலத்தில். பாசியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், தங்கள் ஊரில் இவ்வளவு பச்சையாகப் பாசி வராது என்று. மீதித் தெருக்களின் பட்டியலைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்.

கால் முடிந்ததும் முதலாளியின் சதுரம் மட்டும் மிச்சமிருந்தது. "சரிம்மா. அங்கயே பண்ணுங்க," என்றார். அதுவும் அணைந்தது.

அவள் மௌசைத் தள்ளி வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, "ஆச்சு," என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இனிமே ஃபோல்டரைத் தொடறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லணும். சரின்னு பட்டாலும் சொல்லணும். தப்புன்னு பட்டா மூஞ்சிக்கு நேராவே சொல்லணும். நானும் சொல்லுவேன்."

"சரிம்மா."

"இப்பவே ஒண்ணு சொல்றேன். அந்தச் சின்ன சாஃப்ட்வேர அழிச்சிடுங்க."

அவள் எதிரிலேயே அழித்தேன். மூக்கின் மேல் கண்ணாடி இருந்த இடத்தில் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது.

பத்தரைக்கு டீ வந்தது. அனிமேட்டர் ஹெட்போனைக் கழற்றினார். வேலை இங்கேயே இருக்கப்போகிறது என்று அவரிடம் சொன்னோம். நல்லது என்றார். நடந்த கூத்தைச் சொல்லத் தொடங்கினேன், காலையில் நான் எப்படி, மாலையில் அவள் எப்படி என்று, ஒரு கட்டுரையாக எழுதலாம்போல இருக்கிறதே என்ற ஆர்வத்தோடு. பாதியிலேயே அவர் கையைக் காட்டினார்.

"தெரியுமே. ரெண்டு ஸ்கிரீனும் எனக்குத் தெரியுதுல்ல? நாலு நாளா பாத்துக்கினுதான இருந்தேன்."

எங்கள் இருவரின் கையிலும் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"சொல்லியிருக்கலாமேய்யா," என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். "காலையில நீங்க பண்றீங்க, சாயங்காலம் அவங்க பண்றாங்க. ஷிப்டு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."